குருவிக்குப் பெட்டி வைத்தேன், அணில் குடிவந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் செய்த பெட்டியில் இன்றுவரை ஒரு சிட்டுக்குருவிகூடக் கால் வைக்கவில்லை. ஆனாலும் தை தொடங்கி சித்திரை கடைசி வரை இதன் பின்னாலேயே அலைந்ததில், எங்கள் வீட்டுப் பின்பக்கம் யார் நிரந்தரக் குடி, யார் விருந்தாளி என்பது ஓரளவு பிடிபட்டது. எப்படிச் செய்தேன், எங்கே சொதப்பினேன், என்ன மாற்றினேன் என்று எழுதி வைக்கிறேன். நாகர்கோவில் மாதிரி பாதி டவுனும் பாதி தோப்புமாக இருக்கிற ஊரில் யாராவது செய்து பார்க்க நினைத்தால் ஒன்றிரண்டு மாதம் மிச்சமாகும்.

வீடு பார்வதிபுரம் பக்கம். பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, நாலு தென்னை, ஒரு செங்கவருக்கை மா, ஒரு முருங்கை, மதிலை ஒட்டிச் செம்பருத்தி வேலி. முன்பு ஐந்தாவதாக ஒரு தென்னை நின்றது. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்த அன்று அதன் தலை முறிந்து மதில்மேல் விழுந்தது. தலை போன தென்னை பிழைக்காது, ஆனால் தடி மட்டும் இருபத்தைந்து அடிக்கு மொட்டையாக நின்றுகொண்டே இருந்தது. அடுத்த வருஷம் பொன்முதுகு மரங்கொத்தி ஒன்று வந்து உச்சிக்குக் கொஞ்சம் கீழே குடைந்து பொந்து போட்டது. அது விட்டுப்போன பிறகு கிளி, அப்புறம் மைனா, ஒரு வருஷம் வண்ணாத்திக்குருவி என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். அதில் எதையும் நான் நின்று பார்த்ததில்லை, கிளி கத்துகிறது என்பதோடு சரி, மற்றதெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். தடி உளுத்துவிட்டது, வீட்டு மேல் சாயும் என்று ஆள் வைத்து வெட்டினோம். வெட்டின அன்று இரண்டு மைனா மதில்மேல் உட்கார்ந்து சாயந்தரம் வரை கத்தின. அதை மட்டும் நானே பார்த்தேன்.

இந்த வருஷம் பொங்கல் லீவில்தான் ஆரம்பம். பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவை பார்க்கிறவர்கள் சேர்ந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓரிடத்தில் கால் மணி நேரம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் இ-பேர்ட் செயலியில் ஏற்றினால் போதும். சும்மாதான் இருக்கிறோம் என்று காப்பியோடு மொட்டை மாடியில் போய் நின்றேன். காக்கா, மைனா, புறா மூன்றும்தான் தேறும் என்று நினைத்தேன், கால் மணி நேரத்தில் பதினான்கு வகை. சிட்டுக்குருவி மட்டும் இல்லை.

எங்கள் பழைய வீடு ஓட்டு வீடு. உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் வருஷம் முழுக்கக் குருவி இருக்கும், சோற்றுப் பானைப் பக்கத்தில் வைக்கோல் விழும், பாட்டி திட்டுவாள், ஆனால் கூட்டைக் கலைக்க விடமாட்டாள். வீட்டை இடித்து கான்கிரீட் போட்டோம், சந்து போனது, குருவியும் போனது. ஊரை விட்டே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், கோட்டாறு கடைத்தெருவில் அரிசிக் கடை வாசலில் இப்போதும் சாக்குக்கு அடியில் கூட்டமாகப் பொறுக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. சரி, ஒரு சந்தை நாமே செய்து கொடுப்போம் என்று இறங்கினேன்.

ஜன்னல் சட்டம் செய்தபோது மிஞ்சின ஆயினிப் பலகை வீட்டில் கிடந்தது, முக்கால் அங்குலக் கனம். அடித்தளம் ஐந்துக்கு ஐந்து அங்குலம், உயரம் ஒன்பது. மேல்பலகையை முன்பக்கம் இரண்டு அங்குலம் நீட்டிச் சரிவாக வைத்தேன், மழை உள்ளே அடிக்கக்கூடாது. அடியில் நாலு மூலையிலும் சிறு துளை, தண்ணீர் வடிய. பக்கப்பலகை ஒன்றை மட்டும் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி விட்டேன். வாசல் ஓட்டை தரையிலிருந்து ஆறு அங்குலம் மேலே. ஓட்டைக்குக் கீழே உட்புறம் உளியால் நாலைந்து கோடு கீறிவிட வேண்டும், வழவழப்பான பலகையில் குஞ்சுகளால் ஏறி வெளியே வர முடியாது. வாசலில் உட்காரக் குச்சி வைக்கக்கூடாது. கடையில் விற்கிற பெட்டியில் எல்லாம் அழகுக்கு ஒரு குச்சி இருக்கும், பொந்தில் கூடு வைக்கிற பறவைக்கு அது தேவையே இல்லை, காக்கா நின்று உள்ளே எட்டிப் பார்க்கத்தான் உதவும். பெயின்ட், வார்னிஷ் எதுவும் அடிக்கவில்லை.

ஓட்டையின் அளவில்தான் முதல் தப்பு. சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் போதும். ட்ரில்லில் மாட்டுகிற ஹோல்சா இரவல் வாங்கினதில் 38 தான் இருந்தது. ஆறு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று போட்டுவிட்டேன்.

ஜனவரி 26 மேற்குச் சுவரில் எட்டடி உயரத்தில் மாட்டினேன், அடுக்களை ஜன்னலில் நின்றால் தெரிகிற இடம் என்பதால். அது இரண்டாவது தப்பு. மாசி பிறக்கும் முன்பே மத்தியான வெயில் அந்தச் சுவரில் நேராக விழுகிறது. பெட்டிக்குள் ஒரு வெப்பமானியைப் போட்டு மூன்று மணிக்கு எடுத்துப் பார்த்தேன், 42 டிகிரி. நிழலில் வைத்தால் அதே வெப்பமானி 33 காட்டியது. அதற்குள் ஒரு குஞ்சு இருந்திருந்தால் அவ்வளவுதான். கழற்றி வடக்குச் சுவரில் சன்ஷேடுக்கு அடியில் மாற்றினேன், பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றால் இனி நான்தான் நடந்து போக வேண்டும்.

பிப்ரவரி 20 வாக்கில் பெட்டிக்குள் சத்தம். கீச் கீச் என்று விடாமல் ஒரே தாளத்தில். குருவி வந்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு போய் ஒளிந்து நின்று பார்த்தால், ஓட்டையிலிருந்து ஒரு மூக்கும் இரண்டு மீசையும் வெளியே வருகிறது. அணில். வாசலைச் சுற்றிப் பல்லால் சுரண்டித் தன் வசதிக்கு அகலப்படுத்தியிருந்தது, புது மரத்தூள் சிலந்தி வலையில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அடுத்த மூன்று நாள் அது சாமான் கடத்தின விதத்தை ஒரு சினிமா மாதிரி பார்த்தேன். தேங்காய் நார், இலவம்பஞ்சு, கொடியில் காய்ந்த மாப்பிலிருந்து பச்சை நூல். நூலை வாயில் பந்தாகச் சுருட்டிக்கொண்டு வரும், பாதி வழியில் அவிழ்ந்துவிடும், முன்னங்காலால் மறுபடி திணித்துக்கொள்ளும். பல நாளாக நான் ஏதோ பறவை என்று எழுதி வைத்த சத்தமும் இந்த அணிலுடையதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. நோட்டில் நாலு இடத்தில் அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

ஓட்டைக்கு மேல் தகரம் அடித்தால் அணில் சுரண்டாது. பெயின்ட் டின் மூடியில் 32 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி, விளிம்பை அரத்தால் நன்றாகத் தேய்த்து, நாலு ஸ்க்ரூ போட்டால் முடிந்தது. தகரத்தைத் தயார் பண்ணியும் வைத்தேன். ஆனால் உள்ளே குட்டி போட்டிருக்கிற அணிலை எப்படி வெளியேற்றுவது? அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “விட்டிருலே மக்களே, அதுக்கும் ஒரு வீடு வேணுமில்லா” என்றாள். தகரம் இப்போதும் ஷெல்ஃபில் இருக்கிறது.

இடையில் தண்ணீர்ச் சட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன், செலவும் உழைப்பும் இல்லாமல் பலன் கொடுத்தது அதுதான். இரண்டு அங்குல ஆழத்தில் அகலமான மண்சட்டி, நடுவில் ஒரு கல், சின்னப் பறவைகள் நின்று குடிக்க. செம்பருத்தி வேலியை ஒட்டி வைத்தால் பூனை ஒளிந்து பாய்கிறது, ஆறேழு அடி தள்ளி வெட்டவெளியில் வைத்தேன். கொசுவுக்குப் பயந்தால் தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வாரம் இரண்டு தடவை தேங்காய் நார் போட்டுச் சட்டியின் உள்சுவரைத் தேய்க்க வேண்டும். டெங்குக் கொசு முட்டையைத் தண்ணீர் விளிம்பில் சட்டியோடு ஒட்டித்தான் வைக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை அங்கேயே இருக்கும். வருகிறவர்களில் தொல்லை காக்காதான், எங்கிருந்தோ காய்ந்த வடையும் கோழி எலும்பும் கொண்டுவந்து ஊறப்போட்டுத் தின்கிறது. ஒரு மாதிரி நாற்றம் வந்த அன்று சட்டிக்குள் ஒரு முழு மீன் தலை கிடந்தது.

மார்ச் முதல் வாரம் பக்கத்து மனையில் வீடு கட்டுவதற்காக இரண்டு தென்னையை வெட்டினார்கள். மெஷின் வாளால் துண்டு துண்டாக அறுத்துப் போட்டிருந்தார்கள். ஒக்கித் தென்னை ஞாபகம் வந்தது. வெட்டின அண்ணனிடம் இரண்டடித் துண்டு ஒன்று கேட்டேன். “எதுக்குத் தம்பி, அடுப்புக்குக்கூட ஆவாதே” என்றார். குருவிக்கு என்றதும் சிரித்துவிட்டுத் தூக்கி மதிலுக்கு இந்தப் பக்கம் உருட்டிவிட்டார், என் கால்மேல் விழாதது அதிர்ஷ்டம்.

மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைக்கு விட்ட உள்ளூர் விடுமுறையில் உளியும் கொட்டாப்புளியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற மரங்களுக்கு வைரம் உள்ளே இருக்கும், தென்னைக்கு வெளியே. சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்கு இரும்பு மாதிரி, கறுப்பு நார்க்கோடுகள் நெருக்கமாக. அதைத் தாண்டிவிட்டால் உள்ளே சோறு, ஈரம் வற்றாத வெளிர் நிறம், உளியை வைத்துத் தட்டினால் நார் நாராகப் பிய்ந்து வரும், லேசாகப் புளித்த வாசனை. மரங்கொத்தி ஏன் தென்னையைத் தேடிப் போகிறது என்று கை வலித்தபோது புரிந்தது, வெளி ஓட்டை ஒரு தடவை உடைத்துவிட்டால் அப்புறம் வேலை சுலபம். மேலிருந்து பதினெட்டு அங்குலம் குடைந்தேன், அடியில் ஆறு அங்குலத்தை அப்படியே விட்டேன். மூன்று சாயந்தரம் ஆனது, உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

வாசலை இந்தத் தடவை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டேன், இரண்டேகால் அங்குலம். காரணம், பிப்ரவரி கடைசியிலிருந்து ஒரு வண்ணாத்திக்குருவி ஜோடி அணில் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. புத்தகத்தில் குண்டுகரிச்சான் என்று போட்டிருக்கும், எங்கள் பக்கம் வண்ணாத்திதான். ஆண் பளபளக்கும் கறுப்பும் வெள்ளையும், பெண்ணுக்குக் கறுப்பு இருக்கிற இடமெல்லாம் சாம்பல். அவ்வளவு பெரிய ஹோல்சா கிடைக்கவில்லை, பென்சிலால் வட்டம் போட்டு அதன்மேல் வரிசையாகச் சின்னத் துளைகள் போட்டு நடுவை உளியால் தட்டி எடுத்தேன். பிசிறைத் தேய்த்து எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. அடியில் வெளிப்பக்கம் சரிகிற மாதிரி இரண்டு வடிதுளை. மூடிக்கு ஒரு நாட்டு ஓடு, பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்தது, கயிறு போட்டு இறுக்கினேன்.

எங்கே வைப்பது என்பதில் வீட்டில் பெரிய விவாதம். மாமரத்தில் வைத்தால் கிளை வழியாகப் பூனை வரும். தனியாக நிற்கிற தென்னையில் வைத்தால், எலி ஏறாமல் இருக்கத் தென்னையில் தகரம் அடிப்போமே, அதே தகரத்தைத் தடிக்குக் கீழே சுற்றிவிட்டால் பூனை, எலி, சாரைப் பாம்பு மூன்றுக்கும் தடை. நான் தென்னை என்றேன். “தேங்கா விழுந்தா என்னலே செய்வே?” என்றாள் அம்மா. காய்க்குலைக்கு நேர் கீழே இல்லாமல் தள்ளித்தானே கட்டப்போகிறேன் என்று வாதாடி ஜெயித்தேன். மார்ச் நடுவில் ஒரு நாள், மரம் ஏறுகிற அண்ணன் துணையோடு பதினோரு அடியில், வாசல் கிழக்கே பார்க்க, மூன்று சுற்றுக் கயிறு. ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. தென்மேற்குப் பருவமழை முதுகுப்பக்கம்தான் அடிக்கும்.

அப்புறம் காத்திருப்பு.

காத்திருந்த நாட்களிலும் அதற்குக் கொஞ்சம் முன்னாலும்தான் மற்றதைப் பார்த்தேன். பைனாகுலர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, 8x42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். அதிகம் பெரிதாகத் தெரியுமே என்று நான் முதலில் இரவல் வாங்கின 10x50 கையில் ஆடினதில் எல்லாக் குருவியும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

மார்ச் முதல் ஞாயிறு தேரூர் குளத்துக்குப் போனேன். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை, அதே வருஷம் வேம்பனூரும் சேர்ந்தது. குளத்தை ஒட்டி கும்பப்பூ நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. மெஷின் போகிற தடத்துக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் கூட்டமாக நடந்தன, கூலிக்கு வந்தவர்கள் மாதிரி. அவற்றில் ரெண்டு மூன்றுக்குத் தலையிலும் கழுத்திலும் மஞ்சள் பூசின மாதிரி நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. தண்ணீரில் நீலச்சிறகி வாத்துகள் இருநூறாவது இருக்கும். ஏப்ரல் நடுவில் மறுபடி போனபோது ஒன்றுகூட இல்லை, வடக்கே எங்கோ பறந்துகொண்டிருக்கும். அதற்குப் பதில் கொக்குகள் முழு ஆரஞ்சுக்கு வந்துவிட்டன, மடையான் முதுகு கருஞ்சிவப்பாகிவிட்டது, குளிர்காலத்தில் வெளுத்துப்போய்த் திரிகிற மீசை ஆலாவுக்குக் கறுப்புத் தொப்பியும் கறுத்த வயிறும் வந்திருந்தது. அதே பறவையா என்று புத்தகத்தை ரெண்டு தடவை பார்த்தேன்.

நம் பக்கம் பனி விலகி மரம் துளிர்க்கிற கதையெல்லாம் கிடையாது, எல்லா மாதமும் பச்சைதான். மாசி, பங்குனியில் என்ன நடக்கிறது என்றால் விருந்தாளிகள் சத்தமில்லாமல் மூட்டை கட்டுகிறார்கள், வீட்டுக்காரர்கள் சத்தம் போட ஆரம்பிக்கிறார்கள். வந்ததை எழுதி வைப்பது சுலபம், புதுசாக ஒன்று தெரிந்ததும் கை தானாக நோட்டுக்குப் போகும். போனதை எழுத முடியாது, கடைசியாகப் பார்த்த அன்று அதுதான் கடைசி என்று தெரியாதே. அதனால் தினமும் ‘இன்றும் இருக்கிறது’ என்று எழுத வேண்டியிருந்தது. மாங்குயில் கடைசியாக மார்ச் 29. பழுப்புக் கீச்சான், மூலை மின்கம்பியில் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது, ஏப்ரல் 12-க்குப் பிறகு கம்பி காலி. ஆறுமணிக்குருவி, காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரண்டு விசில் அடிக்கிற தோட்டக்கள்ளன், பார்த்தது ஒரே ஒரு நாள், கேட்டது ஏப்ரல் 18 வரை. அது மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் போய் மழைக்காலத்தில் கூடு வைக்கும். செம்பருத்தி வேலிக்குள் ‘டக், டக்’ என்று நாக்கைச் சொடுக்குகிற பிளித் நாணல் கதிர்க்குருவியை யாருக்கும் தெரியாது, பார்க்கவும் ஒன்றுமில்லை, மங்கின பழுப்பு. பத்து கிராம், பன்னிரண்டு கிராம் எடைதான், ரஷ்யா வரை போகிறது. ஏப்ரல் 20-க்கு மேல் வேலியில் டக் இல்லை. துணி காயப்போடுகிற நேரத்தில் அந்தச் சத்தம் இல்லாததை முதலில் கவனித்தது என் மனைவிதான்.

உள்ளூர்க்காரர்கள் கதை வேறு. குயில் மார்ச் பத்திலிருந்தே விடிகாலை நாலரைக்கு ஆரம்பித்துவிடும். கூவுவது ஆண், கன்னங்கரேலென்று சிவப்புக் கண்ணோடு இருப்பது. பெண் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, ‘கிக் கிக் கிக்’ என்று கத்தும், அதைக் குயில் என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. ஒரு காக்கா எங்கள் கொடிக்கம்பியின் முனையை வளைத்து வளைத்து ஒடிக்கப் பார்த்தது, இருபது நிமிஷம் விடவில்லை, கடைசியில் முழ நீளத்துக்கு உடைத்து எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருப் புளியமரத்துக்குப் போனது. அன்று அதே மரத்தில் ஒரு பெண் குயில் இலைக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மதிலில் ஆண் ஓணானுக்குத் தலை முதல் தோள் வரை சிவந்துவிட்டது, தண்டால் எடுத்துக்கொண்டே இருக்கிறது, பெண் ஓணான் திரும்பிக்கூடப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

மார்ச் 22. காலை ஆறரைக்கு ஆண் வண்ணாத்தி தடியின் வாசலில் தொற்றி நின்று தலையை மட்டும் உள்ளே விட்டது. போனது. பெண் வந்தது, முழுசாக உள்ளே போய்ப் பத்து எண்ணுவதற்குள் வெளியே வந்தது. அடுத்த ஒரு வாரம் ஒன்றுமில்லை. நடுவில் ஒரு மைனா ஜோடி வந்து வாசலில் உட்கார்ந்து கூச்சல் போட்டு, உடம்பைத் திணித்துப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டேகால் அங்குலத்தில் மைனாவும் நுழைந்துவிடும் என்று எனக்குப் பயம் இருந்தது. தங்காததற்குக் காரணம் நான் அல்ல, இந்த ஆண் வண்ணாத்தி. வாலை நிமிர்த்திக்கொண்டு, மார்பைப் புடைத்து, தன்னைவிடப் பெரிய மைனாவை மாமரம் வரை துரத்தினதைப் பார்த்தேன்.

ஏப்ரல் 2-லிருந்து பெண் சாமான் கொண்டுவந்தது. காய்ந்த புல், வேர், நார். கட்டுகிற வேலை பெரும்பாலும் பெண்தான் செய்தது. ஆண் டிவி ஆன்டெனா மேல் உட்கார்ந்து பாட்டு. நல்ல பாட்டு, அதையும் சொல்ல வேண்டும். ஐந்தேகாலுக்கு ஆரம்பித்தால் ஆறு வரை ஒரு அடி பாடும், நிறுத்தும், அடுத்த அடியில் ஏதாவது மாற்றும். குரலை வைத்துப் பறவையின் பெயர் சொல்கிற மெர்லின் செயலியில் ஒலிப்பதிவு போட்டுவிட்டு உட்கார்ந்தால், நடுநடுவே வேறு பறவைப் பெயரெல்லாம் வந்து போகும். இது மற்றவர்கள் குரலையும் கொஞ்சம் கலந்துவிடும், செயலி சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள்.

ஏப்ரல் 9-க்குப் பிறகு பெண் வெளியே வருவது குறைந்தது. அடை காப்பது பெண் மட்டும்தான். ஏணி வைத்து ஒரு தடவை உள்ளே பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது, பார்க்கவில்லை. அந்த நாட்களில் ஏணியை அந்தப் பக்கமே கொண்டு போகவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், “மாமா, கிளி வந்தா எனக்கு ஒரு குஞ்சு தருவியளா?” என்று கேட்டான். கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 வனவுயிர்ச் சட்டப்படி குற்றம், போலீஸ் பிடிக்கும் என்றேன். அவன் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்பது அவன் முகத்திலிருந்தே தெரிந்தது.

ஏப்ரல் 21 காலை பெண்ணின் வாயில் ஒரு பச்சைப் புழு. பொரித்துவிட்டன. அன்றிலிருந்து ஆணும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் ஏழு மணி முதல் எட்டு மணி வரை கோடு போட்டு எண்ணினேன், இருபத்தாறு தடவை. வெட்டுக்கிளி, புழு, கரப்பான், ஒரு தடவை சின்னப் பல்லி. வெளியே போகும்போது வெள்ளையாக ஒரு சின்னப் பொதியைக் கவ்விக்கொண்டு போகும், குஞ்சின் எச்சம், தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். எனவே தடிக்குக் கீழே ஒரு பொட்டு எச்சம் கிடையாது.

ஏப்ரல் 27. மத்தியானம் இரண்டு மணி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் ‘டமார்’. தேங்காய் இல்லை, காய்ந்த ஓலை மட்டையோடு கழன்று விழுந்திருக்கிறது, போகிற வழியில் மட்டையின் அடிப்பாகம் ஓட்டின்மேல் பட்டு ஓடு இரண்டாகப் பிளந்து பாதி கீழே கிடந்தது. இரண்டு வண்ணாத்தியும் முருங்கையில் உட்கார்ந்து ‘க்ர்ர்ர், க்ர்ர்ர்’ என்று ஒரே கத்தல். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, கோடை மழை வேறு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? வேறு ஓடு கட்டினால் கயிறு அவிழ்க்க, இறுக்க என்று கால் மணி நேரமாவது ஏணியில் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் ஷீட் போட்டால் உள்ளே வேகும், காற்றில் படபடக்கும். கடைசியில் கமுகம்பாளை, அதாவது பாக்கு மரத்து மட்டையின் அகன்ற அடிப்பகுதி, ஞாபகம் வந்தது. எதிர்வீட்டில் விழுந்து கிடந்த அகலமான பாளை ஒன்றைத் தண்ணீரில் பத்து நிமிஷம் முக்கி வைத்தேன், வளைகிற பதத்துக்கு வந்தது. அதற்குள் பறவைகள் அடங்கி மறுபடி இரை கொண்டுவரத் தொடங்கின. இரண்டும் வெளியே போன நேரம் பார்த்து ஏறி, மிச்ச ஓட்டின்மேலேயே பாளையைத் தொப்பி மாதிரி கவிழ்த்து, கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு இறங்கினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, வியர்த்துக் கொட்டியது. இடுக்கு வழியாக மூன்று மஞ்சள் வாய்கள் ஒரே நொடி தெரிந்தன, நான்தான் அம்மா என்று நினைத்துத் திறந்தவை.

நாலு மணிக்கு மழை. அரை மணி நேரம் இடியோடு ஊற்றியது. நான் அடுக்களை வாசலில் பைனாகுலரோடு நின்றேன். தண்ணீர் பாளையின் நடு மடிப்பில் சேர்ந்து பின்பக்கமாக வடிந்தது, முன்னால் ஒரு சொட்டு விழவில்லை. மழை விட்டுப் பத்து நிமிஷத்தில் பெண் ஒரு ஈசலோடு வந்தது. வெயிலில் பாளை காய்ந்து அதே வளைவில் இறுகிவிட்டது, ஓட்டைவிட நன்றாகப் பொருந்தியது என்றுகூடச் சொல்லலாம். தென்னந்தடிப் பொந்துக்கு முதலிலேயே பாளைத் தொப்பிதான் சரி, கனமும் இல்லை, விழுந்தால் உடையவும் உடையாது, வருஷத்துக்கு ஒன்று மாற்றினால் போதும்.

மே 5 காலை முதல் குஞ்சு வாசலில் நின்றது. மார்பெல்லாம் செதில் செதிலாகப் பழுப்பு, வால் பாதிதான் வளர்ந்திருக்கிறது. அப்பன் மதில்மேல் புழுவோடு உட்கார்ந்து கொடுக்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஏழே முக்காலுக்குக் குதித்து முருங்கையில் தட்டுத்தடுமாறி விழுந்தது. மற்ற இரண்டும் மத்தியானத்துக்குள் வந்துவிட்டன. பூனையை அன்று முழுக்க வீட்டுக்குள் போட்டுப் பூட்டினோம், அது கத்தின கத்தில் யாரும் தூங்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கையுறை போட்டுப் பழைய கூட்டை எடுத்தேன். புல், வேர், நார், நடுவில் அணில் கடத்தின அதே பச்சை மாப் நூல் ஒரு முழம். அடியில் பொரிக்காத முட்டை ஒன்று, வெளிறின நீலப்பச்சையில் செம்பழுப்புத் திட்டு. மண்ணில் புதைத்துவிட்டேன். உள்ளே சோறு இன்னும் கொஞ்சம் மக்கிக் குழி ஆழமாகியிருக்கிறது, வடிதுளை ஒன்று அடைத்திருந்தது, கம்பியால் குத்திவிட்டேன். உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு, இரண்டு பாளையை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கட்ட வேண்டும் என்று ஊறப்போட்டிருந்தேன். காலையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனால் ஆண் ஆன்டெனா மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறது, பெண் வாயில் ஒரு வேரோடு முருங்கையில் நிற்கிறது. ஏணியைத் திரும்பக் கொண்டுவந்து சாத்திவிட்டேன். பாளை இன்னும் வாளியில்தான் கிடக்கிறது.